திரையில் 94, தொட்டியில் கரி

2024 மே 2, வியாழக்கிழமை, மாலை ஏழு மணி பத்து நிமிடம். கத்திரி தொடங்க இன்னும் இரண்டு நாள் இருந்தது. வெயில் அதற்காகக் காத்திருக்கவில்லை. அம்பத்தூர் தொழிற்பேட்டையில் நான் வேலை பார்க்கும் தொழிற்சாலையில், வாகனங்களுக்கான கியர்களையும் தண்டுகளையும் உலையில் வைத்துப் பதப்படுத்துகிறோம். உலைகளுக்கு மின்சாரம் தருவது ஒரு 1250 கேவிஏ டிரான்ஸ்பார்மர். 11 கேவியில் வாங்கி 433 வோல்ட்டாகக் கொடுக்கும். அன்று மாலை அது ‘தொம்’ என்ற ஒரே சத்தத்தோடு நின்றுபோனது. ஓடிப் போய்ப் பார்த்தால் பேனலில் புக்ஹோல்ஸ் டிரிப் விளக்கு எரிகிறது; டிரான்ஸ்பார்மருக்குள் கோளாறு என்று புக்ஹோல்ஸ் ரிலே என்ற காவல் கருவி மின்சாரத்தைத் துண்டித்துவிட்டது என்று அர்த்தம். உலைக்குள் ஒன்றரை டன் சரக்கு வெந்துகொண்டிருக்கிறது. உற்பத்தி மேலாளர் என் முதுகுக்குப் பின்னால் வந்து நின்று, “சார், இருபது நிமிடத்தில் கரண்ட் வராவிட்டால் மொத்தமும் காயலான் கடைக்குத்தான்” என்கிறார். என் கைபேசியில் ஒரு செயலி இருந்தது. டிரான்ஸ்பார்மரின் ஆரோக்கியம் நூற்றுக்கு எத்தனை என்று அது சொல்லும். திறந்து பார்த்தேன். பச்சை நிறத்தில் 94.

நான் அந்த 94ஐ நம்பினேன். ரிலே தவறாக இயங்கியிருக்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு, ரீசெட் செய்து பிரேக்கரைப் போட்டேன். இரண்டாவது சத்தத்துக்கு என்னிடம் சொல் இல்லை. தொட்டியின் பக்கச்சுவர் உப்பியது, மேலே வென்ட் குழாயின் தகடு கிழிந்து ஆயில் கறுப்பாகப் பீய்ச்சி அடித்தது. நல்லவேளை, தீப்பிடிக்கவில்லை, யார் மேலும் தெறிக்கவில்லை. அன்று போட்டிருந்த சட்டையை இரண்டு முறை துவைத்தும் அந்தக் கருகிய வாடை போகாததால் என் மனைவி அதைத் துணி மூட்டையில் போட்டுவிட்டாள்.

இதைப் படிக்கும் எலக்ட்ரீஷியன்களுக்கும் பராமரிப்புப் பொறுப்பாளர்களுக்கும் இது பாலபாடம். ஆனாலும் சொல்லிவிடுகிறேன், எனக்கும் அது பாலபாடமாகத்தான் இருந்தது. புக்ஹோல்ஸ் ரிலே, தொட்டிக்கும் மேலே உள்ள ஆயில் டாங்கிக்கும் இடையிலான குழாயில் உட்கார்ந்திருக்கிறது. உள்ளே மெல்ல மெல்ல ஏதாவது கருகினால் வாயு அதில் சேர்ந்து முதலில் அலாரம் கொடுக்கும். திடீரென்று ஆயில் மேல்நோக்கிப் பாய்ந்தால் டிரிப் கொடுக்கும். டிரிப் வந்துவிட்டால், காரணம் தெரியாமல் மறுபடி மின்சாரம் கொடுக்கவே கூடாது. ரிலேயில் தேங்கிய வாயுவை எடுக்க வேண்டும், ஆயில் மாதிரி எடுக்க வேண்டும், சுருள்களின் மின்தடையையும் விகிதத்தையும் அளக்க வேண்டும். இத்தனையும் தெரிந்தவன்தான் நான். இருபத்து மூன்று வருட வேலை. ஒரு திரையில் தெரிந்த எண் அதையெல்லாம் மறக்கடித்தது.

செலவைச் சொல்கிறேன். ரீவைண்டிங்குக்கு, அதாவது சுருள்களை மறுபடி சுற்றுவதற்கு, 6,80,000 ரூபாய். வாடகைக்கு எடுத்த 500 கேவிஏ ஜெனரேட்டருக்கு 1,40,000. அது மணிக்கு அறுபது லிட்டர் குடித்தது. ஒரு நாளைக்குப் பதினாறு மணி நேரம் ஓட்டினோம். லிட்டர் 92 ரூபாய் சொச்சத்துக்கு, பதினான்கு வேலை நாளில் டீசல் மட்டும் பன்னிரண்டு லட்சத்துக்கு மேல். மொத்தம் இருபது லட்சத்தைத் தாண்டியது. கெட்டுப்போன ஒன்றரை டன் சரக்கும் தாமதத்துக்குக் கட்டிய அபராதமும் இந்தக் கணக்கில் சேரவில்லை. முதல் டிரிப்போடு நான் கையைக் கட்டிக்கொண்டு நின்றிருந்தால், உள்ளே ஒரு சுவிட்சை மாற்றி, ஆயிலை வடிகட்டி, ஒன்றரை லட்சத்துக்குள் முடித்திருக்கலாம் என்று ரீவைண்டிங் பட்டறையின் மேஸ்திரி பின்னால் சொன்னார். அந்த வாரம் முழுக்க முதலாளி என்னிடம் கோபமாக ஒரு வார்த்தை பேசவில்லை. திட்டியிருந்தால் கொஞ்சம் தூங்கியிருப்பேன்.

அந்தச் செயலி எப்படி வந்தது என்பதிலிருந்து தொடங்க வேண்டும். 2022இல் ஒரு நிறுவனத்திலிருந்து இரண்டு இளைஞர்கள் வந்தார்கள். பெயர் வேண்டாம், நல்ல பிள்ளைகள், மோசடிக்காரர்கள் என்று நான் சொல்ல மாட்டேன். டிரான்ஸ்பார்மரில் உணரிகளைப் பொருத்துவோம், தரவு இணையம் வழியாகப் போகும், கோளாறு வருவதற்கு முப்பது நாள் முன்பே எங்கள் மென்பொருள் சொல்லிவிடும் என்றார்கள். வண்ண வண்ண வரைபடங்களைக் காட்டினார்கள். 5,80,000 ரூபாய், அதற்கு மேல் வருடச் சந்தா 90,000. முதலாளி என்னைப் பார்த்தார். நான் தலையாட்டினேன். அவர்களிடம் நான் கேட்ட கேள்வி ஒன்றே ஒன்று: உத்தரவாதம் எத்தனை வருடம்?

கேட்டிருக்க வேண்டிய கேள்வி வேறு: உங்கள் உணரிகள் எதை அளக்கின்றன, எங்கள் டிரான்ஸ்பார்மர் எதனால் சாகும்? அவர்கள் அளந்தது மேல்மட்ட ஆயிலின் வெப்பநிலை, லோடு, அவ்வளவுதான். மிகைலோடால் காகித இன்சுலேஷன் நாள்பட்டுச் சிதைவதை அதை வைத்து ஓரளவு கணக்கிடலாம். சுருளின் மிகச்சூடான இடத்தில் ஆறு டிகிரி கூடினால் காகிதம் மூப்படையும் வேகம் ஏறக்குறைய இரட்டிப்பாகும் என்பது பழைய கணக்கு. ஆனால் எங்கள் டிரான்ஸ்பார்மர் மூப்பால் சாகவில்லை. பட்டறையில் மூடியைத் திறந்து மையப்பகுதியைத் தூக்கியபோது மேஸ்திரி என்னைக் கூப்பிட்டுக் காட்டினார். வோல்டேஜை ஏற்ற இறக்க உதவும் டேப் சுவிட்சின் ஒரு தொடுமுனை, அடிப்பிடித்த பால் பாத்திரம் போலக் கரி படிந்து கெட்டியாக இருந்தது. அவர் நகத்தால் சுரண்டினார், வரவில்லை. “இந்தச் சுவிட்சை எத்தனை வருடமாகத் தொடாமல் வைத்திருக்கிறீர்கள் தம்பி?” என்று கேட்டார். வாங்கிய நாளிலிருந்து என்றேன். பதினொரு வருடம்.

மின்சாரத்தை நிறுத்திவிட்டு மட்டுமே இயக்கக்கூடிய இந்த வகை டேப் சுவிட்ச் ஒரே நிலையில் வருடக்கணக்கில் நின்றால், தொடுமுனைகளில் மெல்லிய படலம் படியும். படலத்தால் தொடுமுனைத் தடை கூடும், தடை கூடினால் சூடு, சூட்டில் ஆயில் கருகிக் கரியாகும், கரியால் தடை இன்னும் கூடும். உள்ளங்கை அளவு இடத்தில் 700 டிகிரி கொதிக்கும்; ஆயிரத்துச் சொச்சம் லிட்டர் ஆயிலின் மேல்மட்டத்தில் வைத்த வெப்பமானிக்கு அது தெரியவே தெரியாது. அவர்கள் மென்பொருள் எவ்வளவு கெட்டிக்காரத்தனமாக இருந்திருந்தாலும் இதைப் பிடித்திருக்க முடியாது. இதற்கு மருந்து மென்பொருள் இல்லை. வருடாந்திர ஷட்டவுனில் மின்சாரத்தை முழுக்கத் துண்டித்து, எர்த் செய்துவிட்டு, டேப் சுவிட்சை முதல் நிலையிலிருந்து கடைசி நிலை வரை நாலைந்து முறை திருப்பிவிட்டு, பழைய நிலைக்குக் கொண்டுவந்து, சுருள் மின்தடையை அளப்பது. அரைமணி நேர வேலை. மூன்று பேஸ்களில் ஒன்று மட்டும் விலகி நின்றால் அங்கே விஷயம் இருக்கிறது.

இதைவிட வயிற்றெரிச்சலான விஷயத்துக்கு வருகிறேன். எங்கள் அலுவலகத்தில் ஒரு இரும்பு பீரோ. அதில் தணிக்கைக்காக வைத்த ஒரு கோப்பு. நாங்கள் உதிரிபாகம் கொடுக்கும் வாகன நிறுவனத்தின் தணிக்கையாளர்கள் கேட்பார்கள் என்பதற்காக வருடம் ஒரு முறை ஆயிலைப் பரிசோதனைக்கு அனுப்புவோம். அதில் ஆயிலில் கரைந்த வாயுக்களின் பரிசோதனையும் உண்டு; டிஜிஏ என்பார்கள். அறிக்கை வரும், கோப்பில் போகும், தணிக்கையாளர் கோப்பு இருக்கிறதா என்று பார்ப்பார். டிரான்ஸ்பார்மர் பட்டறையில் கிடந்த ஒரு ராத்திரி அந்தக் கோப்பை எடுத்து, மூன்று அறிக்கைகளையும் தரையில் அடுத்தடுத்து வைத்துப் பார்த்தேன். எத்திலீன் 2021 ஜூலையில் 18 பிபிஎம் (பத்து லட்சத்தில் 18 பங்கு), 2022இல் 52, 2023இல் 145. மீத்தேன் 22, 41, 95. அசிட்டிலீன் இல்லை, இல்லை, 2. மூன்று அறிக்கையின் கீழும் ஒரே வரி: ‘வரம்புக்குள் உள்ளது.’

அது பொய் இல்லை. ஐஇசி 60599 என்ற சர்வதேசத் தரநிலையில் எத்திலீனுக்குக் கொடுத்திருக்கும் வழக்கமான அளவு 60 முதல் 280 வரை. 145 அதற்குள்தான் இருக்கிறது. ஆய்வகத்துக்காரர் ஒரு சிரிஞ்ச் ஆயிலைப் பார்க்கிறார், ஒரு எண்ணை எழுதுகிறார். இரண்டு வருடத்தில் அது எட்டு மடங்கு ஆனதை அடுத்தடுத்து வைத்துப் பார்க்க வேண்டியவன் நான். கனடாவின் ஹைட்ரோ-கியூபெக்கில் ஆராய்ச்சி செய்த மைக்கேல் டுவால் எழுபதுகளில் ஒரு முக்கோணம் வகுத்தார். மீத்தேன், எத்திலீன், அசிட்டிலீன் மூன்றும் சேர்ந்ததில் ஒவ்வொன்றும் எத்தனை சதவீதம் என்று புள்ளி வைத்தால், அது எந்த மண்டலத்தில் விழுகிறதோ அந்தக் கோளாறு. பென்சிலால் போட்டுப் பார்த்தேன். 2023இன் எண்களில் எத்திலீன் அறுபது சதவீதம். 700 டிகிரிக்கு மேலான வெப்பக் கோளாறு என்ற மண்டலத்துக்குள் போய் விழுந்தது புள்ளி. ஆறு லட்ச ரூபாய் மென்பொருள் சொல்லாததை, வருடம் சில ஆயிரம் ரூபாய்க்கு வாங்கிய மூன்று தாள்கள் பத்து மாதம் முன்பே சொல்லிவிட்டிருந்தன. அன்று ராத்திரி அலுவலகத் தரையில் உட்கார்ந்து நான் அழுதேன் என்று சொல்ல எனக்குக் கூச்சமில்லை.

ஆகவே உங்கள் பீரோவில் பழைய டிஜிஏ அறிக்கைகள் இருந்தால், எதையும் வாங்குவதற்கு முன் அவற்றை ஒரே தாளில் வருட வரிசையில் எழுதிப் பாருங்கள். வரம்பைத் தாண்டியதா என்பதோடு எவ்வளவு வேகமாக ஏறுகிறது என்பதையும் பாருங்கள். அசிட்டிலீன் புதிதாகத் தலைகாட்டினால் ஆறு மாதம் காத்திருக்க வேண்டாம், இரண்டு வாரத்தில் மறு மாதிரி எடுங்கள்; உள்ளே மின்பொறி பறக்கும்போதும் மிகக் கடுமையான சூட்டிலும்தான் அது பிறக்கிறது. கார்பன் மோனாக்சைடு ஏறினால் காகிதம் சம்பந்தப்பட்டிருக்கலாம். மாதிரி எடுக்கும் விதமும் முக்கியம். வால்வைத் திறந்து முதலில் வரும் ஆயிலைக் கொட்டிவிட வேண்டும், கண்ணாடி சிரிஞ்சை அந்த ஆயிலாலேயே மூன்று முறை அலச வேண்டும், உள்ளே குமிழி இருக்கக் கூடாது, வெளிச்சம் படாத பெட்டியில் வைத்துத் தாமதமில்லாமல் அனுப்ப வேண்டும். தங்கள் பையன்கள் பல வருடம் ஆயிலைக் குடிநீர் பாட்டிலில் பிடித்துக்கொண்டு போனதாக ஒருவர் பக்கத்துத் தொழிற்சாலையில் சிரித்துக்கொண்டே சொன்னார். அதில் ஹைட்ரஜன் என்ன, ஆவி கூட மிஞ்சாது.

சரி, அந்த 94 எங்கிருந்து வந்தது? சந்தாவை நிறுத்துவதற்கு முன் மூலத் தரவைக் கொடுங்கள் என்று கேட்டேன். படங்களாகத்தான் கொடுப்போம் என்றார்கள். ஒப்பந்தத்தில் அப்படித்தான் இருந்தது, நான் படித்திருக்கவில்லை. மூன்று வாரம் கெஞ்சிய பிறகு ஒரு எக்செல் கோப்பு வந்தது. 2023 டிசம்பர் 4ஆம் தேதி மிக்ஜாம் புயல் மழையில் எங்கள் யார்டில் முழங்கால் அளவு தண்ணீர் நின்றது. டிரான்ஸ்பார்மர் மேடையில் இருந்ததால் தப்பியது. உணரிகளின் தரவை அனுப்பும் பெட்டி முழங்கால் உயரத்துக்கும் கீழே சுவரில் இருந்தது, மூழ்கியது. ஜனவரியில் வந்து பெட்டியை மாற்றினார்கள். ஆனால் ஆயில் வெப்ப உணரியின் ஒயர் முனை துருப்பிடித்து விட்டுப்போயிருந்ததை யாரும் பார்க்கவில்லை. தரவு வராதபோது அவர்கள் மென்பொருள் கடைசியாக வந்த எண்ணை வைத்து நிரப்பிக்கொள்ளும். 43.7. பொங்கலன்று 43.7, மார்ச் நடுப்பகலில் 43.7, மே முதல் தேதி நள்ளிரவில் 43.7. லோடு ஏறியும் ஆயில் சூடாகவில்லை என்பதால், ‘அருமையான டிரான்ஸ்பார்மர்’ என்று அதற்கு மதிப்பெண் கூடிக்கொண்டே போயிருக்கிறது!

வெளியில் நாற்பது டிகிரி, எண்பது சதவீத லோடு. ஆயில் எழுபதைத் தொட்டிருக்க வேண்டும். 43.7 என்பது நடக்கவே முடியாத எண். டிரான்ஸ்பார்மர் தொட்டியை ஒரு முறை உள்ளங்கையால் தொட்டிருந்தால் தெரிந்திருக்கும். நான் தினமும் கைபேசியைத்தான் தொட்டேன்.

மென்பொருளைத் திட்டிக்கொண்டே எங்கள் கையெழுத்துப் பதிவேட்டை எடுத்தேன். ஷிப்டுக்கு மூன்று முறை ஆயில் வெப்பநிலையை எழுத வேண்டும். 52, 52, 52. பக்கம் பக்கமாக 52. நீல மை, கறுப்பு மை, மூன்று பேருடைய கையெழுத்து, ஒரே எண். மூத்த எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டுக் கேட்டேன். அவர் அசரவில்லை. “சார், அந்த மீட்டர் முள் மூன்று வருடமாக அங்கேதான் நிற்கிறது. நான் உங்களிடம் சொல்லியிருக்கிறேன். மாற்றலாம் என்றீர்கள்.” சொல்லியிருந்தார். மாற்றலாம் என்றேன். மனிதனும் இயந்திரமும் ஒரே வித்தையைத்தான் செய்திருக்கிறார்கள். மனிதரிடம் கேட்டபோது உண்மையைச் சொன்னார் என்பது மட்டும் வித்தியாசம். உங்கள் தரவை வைத்து யாராவது எதையாவது கணிக்கப் போகிறார்கள் என்றால், முதலில் ஒரே எண் எத்தனை நேரம் மாறாமல் நிற்கிறது என்று பாருங்கள். இரவும் பகலும் ஒன்றாக இருக்கும் வெப்பநிலை, ஞாயிற்றுக்கிழமையும் குறையாத லோடு, இவை எல்லாம் செத்த எண்கள்.

இதற்குப் பிறகு எனக்கு ஒரு வீம்பு வந்தது. பழுதை முன்கூட்டியே கணிக்கும் மாடல் ஒன்றைக் கணினியில் நாமே செய்வோம் என்று. என் அக்கா மகன் கிண்டியில் பொறியியல் படிக்கிறான், தரவு அறிவியலில் ஆர்வம். பேட்டையில் எனக்குத் தெரிந்த ஒன்பது தொழிற்சாலைகளில் டீ குடித்துப் பேசி, 27 டிரான்ஸ்பார்மர்களின் பழைய அறிக்கைகளை வாங்கினேன். அதற்கே மூன்று மாத ஞாயிற்றுக்கிழமைகள் போயின. 236 வரிகள் சேர்ந்தன, அதில் ஏழு பழுதுகள். ஒரு நாள் இரவு அவன் போன் செய்து, “மாமா, நம் மாடல் நூற்றுக்கு 97 சரியாகச் சொல்கிறது” என்றான். எனக்குப் புல்லரித்தது. மறுநாள் காலை அவனே சோர்ந்த குரலில் கூப்பிட்டான். 236இல் பழுதாகாதவை 229. எதைக் கேட்டாலும் ‘பழுதாகாது’ என்று சொல்லும் கிளி ஒன்றைக் கூண்டில் வைத்தாலும் அதற்கும் 97 கிடைக்கும். அவனுடைய மாடல் அதைத்தான் செய்திருந்தது. ஏழில் ஒன்றைக் கூட அது பிடிக்கவில்லை. யாராவது உங்களிடம் துல்லியம் 97, 98 என்று சொன்னால், உண்மையில் பழுதானவற்றில் எத்தனையைப் பிடித்தீர்கள், நீங்கள் கூவியதில் எத்தனை நிஜமானது என்று இரண்டு கேள்வி கேளுங்கள்.

அவன் விடவில்லை, எப்படியோ திருத்தினான். இந்த முறை ஏழில் ஐந்தைப் பிடித்தது. எதை வைத்துப் பிடிக்கிறது என்று தோண்டிப் பார்த்தால், ‘முந்தைய பரிசோதனைக்குப் பின் எத்தனை நாள்’ என்ற பத்தியை வைத்து! வழக்கமாக வருடத்துக்கு ஒரு முறைதான் பரிசோதனை. அலாரம் அடித்தாலோ யாருக்காவது சந்தேகம் வந்தாலோதான் நடுவில் எடுப்பார்கள். ஆக, டிரான்ஸ்பார்மரைப் பற்றி அது எதுவும் கற்கவில்லை. மனிதர்கள் பயந்துபோன தேதிகளைக் கற்றிருந்தது. பரீட்சைத் தாளோடு விடைத்தாளையும் சேர்த்துக் கொடுத்த கதை. இன்னொரு கூத்து: ஒரு ஆய்வகம் அசிட்டிலீன் இல்லையென்றால் ‘கண்டறியப்படவில்லை’ என்று எழுதும். அது எக்செலில் வெற்றுக் கட்டமாக ஏறியது. வெற்றுக் கட்டங்களைச் சராசரியால் நிரப்பு என்று இவன் கட்டளை கொடுத்திருந்தான். நல்ல டிரான்ஸ்பார்மர்களுக்கெல்லாம் நாங்களே அசிட்டிலீன் ஊற்றிவிட்டோம்.

பிறகு அந்த ஏழு பழுதுகளையும் ஒவ்வொன்றாக நேரில் போய் விசாரித்தேன். தாளில் எல்லாவற்றுக்கும் ‘பழுது’ என்று ஒரே சொல். ஒன்று, பின்னால் வந்த லாரி ரேடியேட்டரில் மோதி ஆயில் ஒழுகியது. இன்னொன்றில் புஷிங்குக்கு (மின்கம்பி தொட்டிக்குள் நுழையும் இடத்து இன்சுலேட்டர்) நடுவே அணில் ஓடியது. மூன்றாவது, டிரான்ஸ்பார்மர் நன்றாகத்தான் இருந்தது, பிரேக்கர் கெட்டதை யாரோ இந்தத் தலைப்பில் எழுதியிருந்தார்கள். மிச்சம் நாலு. நாலு பழுதை வைத்து எந்த இயந்திரத்துக்கும் எதையும் கற்றுக்கொடுக்க முடியாது. உங்கள் ஊர்த் தரவில் எத்தனை வரி இருக்கிறது என்பதைவிட எத்தனை பழுது, எந்தக் காரணத்தால் என்ற கணக்குதான் முக்கியம். பழுதுப் பதிவில் ‘என்ன, ஏன்’ என்று இரண்டு வரி எழுத வைப்பதற்கு எந்த மென்பொருளும் வேண்டாம், ஒரு பேனா போதும். ஆனால் அதை எழுத வைப்பதற்குள் நாக்குத் தள்ளிவிடும்.

அப்போது அக்கா மகன்தான் ஒரு வழி சொன்னான். நியூயார்க்குக்கு மின்சாரம் தரும் கான் எடிசன் நிறுவனத்தோடு சேர்ந்து கொலம்பியா பல்கலைக்கழகத்தினர் செய்த வேலை 2012இல் வெளியானது. அங்கே கேபிள் பதிவுகள் 1880களிலிருந்து இருக்கின்றன. பழுது பார்க்கப் போனவர்கள் அவசரத்தில் தட்டிவைத்த குறிப்புகள் வேறு. அதைச் சுத்தப்படுத்துவதே பெரிய வேலையாக இருந்திருக்கிறது. அவர்கள் எந்தக் கேபிள் எந்தத் தேதியில் போகும் என்று ஜோசியம் சொல்லவில்லை. ஃபீடர்கள் என்னும் முக்கிய மின்தடங்களையும் மேன்ஹோல்களையும் ஆபத்து அதிகமானதிலிருந்து குறைவானது வரை வரிசைப்படுத்திக் கொடுத்தார்கள், முதலில் எதைத் திறந்து பார்ப்பது என்று முடிவு செய்ய. இது என் மண்டையில் சட்டென்று ஏறியது. எனக்கும் தேவை அதுதானே. வருடத்தில் எனக்குக் கிடைப்பது நாலைந்து ஷட்டவுன் ஞாயிறுகள். எதை முதலில் திறப்பது?

மாடலைத் தூக்கிப் போட்டுவிட்டு, 27க்கும் ஒரு தாளில் மதிப்பெண் போட்டோம். எத்திலீன் ஏறும் வேகம், அசிட்டிலீன் உண்டா, ஆயிலின் ஈரப்பதம், டேப் சுவிட்சைக் கடைசியாக எப்போது திருப்பினார்கள், லோடு. பள்ளிக்கூடப் பிள்ளை கூட்டிக் கழிக்கும் கணக்கு. முதலிடத்தில் வந்தது பக்கத்துத் தெருத் தொழிற்சாலையுடையது. அதன் முதலாளியை ஒரு ஞாயிற்றுக்கிழமை நிறுத்த வைக்க இரண்டு மாதம் ஆயிற்று. அவருக்கு 45,000 ரூபாய் செலவு. திறந்து பார்த்தால் குறைந்த வோல்டேஜ் பக்கப் புஷிங்கின் உட்புற நட் ஒன்று விரலால் திருகும் அளவுக்குத் தளர்ந்து, செம்பு ஊதா நிறத்தில் வெந்திருந்தது. நான் வெற்றிக் களிப்பில் நிற்கிறேன், அவர் கேட்கிறார்: “இது இன்னும் அஞ்சு வருடம் ஓடியிருக்காது என்று உங்களுக்குத் தெரியுமா?” தெரியாது. தடுத்துவிட்ட பழுதை யாருக்கும் காட்ட முடியாது, இந்த வேலையின் சாபம் அது. என் கணக்கு இப்படி: ஒரு பழுது இருபது லட்சம், ஒரு வீண் ஷட்டவுன் 45,000, நாற்பத்து நாலு முறை வீணாகத் திறந்தாலும் ஒரு முறை நிஜமாகப் பிடித்தால் சமன். காகிதத்தில் இது சரி. ஆனால் நாலாவது வீண் ஷட்டவுனிலேயே ‘புலி வருகிறது’ கதையாகி, ஐந்தாவது ஞாயிற்றுக்கிழமை யாரும் நிறுத்தத் தர மாட்டார்கள். அதனால் பட்டியலில் முதல் மூன்றைத் தாண்டி நான் யாரிடமும் வாய் திறப்பதில்லை.

பட்டியல் தப்பும் செய்கிறது. அந்த அக்டோபரில், மழை பிடித்த மூன்றாம் நாள், கடைசியிலிருந்து இரண்டாவதாக இருந்த தொழிற்சாலை இருளில் மூழ்கியது. டிரான்ஸ்பார்மருக்கு ஒன்றுமில்லை. அதற்கு வரும் 11 கேவி கேபிளின் முனை இணைப்பில் ஈரம் புகுந்து வெடித்திருந்தது. எங்கள் தாளில் கேபிளுக்குப் பத்தியே இல்லை. டிஜிஏ சிரிஞ்சைக் கேபிளில் குத்த முடியாது. அதற்கு இன்சுலேஷனுக்குள் நடக்கும் சிறு மின்பொறிகளைக் கண்டுபிடிக்கும் பகுதி மின்னிறக்கச் சோதனை, வெப்பப் படக்கருவி என்று வேறு வழிகள். நாங்கள் தேடியது விளக்கு வெளிச்சம் இருந்த இடத்தில் மட்டும். இப்போது கேபிள் முனைகளுக்கு ஒரு தனித் தாள் தொடங்கியிருக்கிறோம். ரிலேக்களின் நினைவகத்தில் பதிவாகும் சம்பவங்களையும் ரீசெட் செய்வதற்கு முன் எடுத்து வைக்கிறோம். எங்களுடைய மூன்று ரிலேக்களின் கடிகாரங்களும் மூன்று நேரம் காட்டின. அதைச் சரிசெய்யாமல் எது முதலில் டிரிப் ஆனது என்று கண்டுபிடிக்கவே முடியாது.

உணரி விற்கிறவர்கள் இப்போதும் வருகிறார்கள். நான் விரட்டுவதில்லை. ஒரு கோப்பைக் கொடுக்கிறேன்: எங்கள் பழைய டிரான்ஸ்பார்மரின் மூன்று வருடத் தரவு, 2024 ஏப்ரல் 30 வரை மட்டும். இதை ஓட்டி உங்கள் மென்பொருள் என்ன சொல்கிறது என்று எழுதிக் கொடுங்கள் என்கிறேன். தரவு வராதபோது உங்கள் திரை என்ன காட்டும், சிவப்பா பச்சையா என்று கேட்கிறேன். சாம்பல் நிறம் என்று ஒரு பெண் சொன்னார், அவருடைய அட்டையை வைத்திருக்கிறேன்.

எங்களிடம் இன்னொரு டிரான்ஸ்பார்மர் உண்டு. 500 கேவிஏ, லேத் பிரிவுக்கும் அலுவலகத்துக்கும். போன மாதம் வந்த அறிக்கையில் அதற்கு அசிட்டிலீன் 1. ஆய்வகம் வழக்கம்போல ‘வரம்புக்குள்’ என்று எழுதியிருந்தது. போன வாரம் மறு மாதிரி எடுக்கப் போனோம். மூத்த எலக்ட்ரீஷியன் சிரிஞ்சை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார். கடுகளவு குமிழி ஒன்று உள்ளே ஓடியது. “பரவாயில்லையா சார்?” என்றார். கொட்டிவிட்டு மறுபடி பிடியுங்கள் அண்ணா என்றேன். மூன்று முறை கொட்டினார். அறிக்கை வியாழக்கிழமை வரும்.